பால் ஒத்துக்கொள்ளாதவர்கள்

(தளவாய்புரத்தில் ஊராட்சிப் பணியாளர்களும் விவசாயப் பெருமக்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். பால் உற்பத்தியைப் பெருக்குவது பற்றியும், கறவை மாடுகளுக்குத் தீவனம் அளிப்பது பற்றியும் பேசுவதற்கு என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் பலர் உண்டு. நான் பேசப் போவது, பாலைக் குடித்துவிட்டுத் துன்பப்படுகிறவர்களைப் பற்றி.

இந்தப் பகுதியில் வந்து நின்றுகொண்டு இப்படி ஒரு பேச்சை எடுக்கலாமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இங்கிருந்து இராஜபாளையத்தைக் கடந்து வடக்கே சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழி மாதத்தில் கூடாரவல்லியன்று பாலும் நெய்யும் பெய்த அக்காரவடிசிலை ஆண்டாளுக்குப் படைத்து, ஊரே பங்கிட்டு உண்ணும் வழக்கமும் அங்கு உண்டு. பாலைத் தெய்வத்துக்குப் படைக்கும் நாடு நம்முடையது. ஆகையால்தான், தமக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை வெளியே சொல்லப் பலர் வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கம் தேவையற்றது என்பதையும், அதனால் குழந்தைகளுக்குக்கூடத் தீங்கு நேர்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இங்கு வந்தேன்.

என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். எருமை கட்டிய வீட்டில் பிறந்தவன் நான். விடியற்காலையில் கறந்த பாலைக் காய்ச்சி, பெரிய தம்ளர் நிறைய என் அன்னையார் கொடுப்பார். அதைக் குடித்த ஒரு மணி நேரத்திற்கெல்லாம் வயிறு பொருமும், இரையும், பள்ளியில் முதல் பாடம் முடிவதற்குள் இரண்டு முறை வெளியே போக அனுமதி கேட்பேன். பாடத்துக்குப் பயந்து ஓடுகிறான் என்று ஆசிரியர் எண்ணினார். பால் வேண்டாம் என்று வீட்டில் சொன்னாலோ, "பாலை வேண்டாம் என்கிறவன் உருப்படுவானா?" என்றார்கள். இப்படியே பல ஆண்டுகள் கழிந்தன. முப்பது வயதுக்கு மேல் ஒரு வைத்தியரிடம் சென்றேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மோர் சாப்பிட்டால் இப்படி ஆகிறதா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அப்படியானால் உமக்கு வியாதி இல்லை, அளவுதான் தெரியவில்லை" என்றார். அந்த ஒரு சொல்லை என் பத்தாவது வயதிலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் எண்ணுகிறேன்.

வயிற்றில் நடப்பது என்ன?

பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. கரும்புச் சர்க்கரையைப் போல் அது அவ்வளவு இனிக்காது. அதற்கு லாக்டோஸ் என்று பெயர். நாம் பால் சர்க்கரை என்றே சொல்லலாம். 200 மில்லி பிடிக்கும் ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 10 கிராம் பால் சர்க்கரை உண்டு. இது அப்படியே இரத்தத்தில் சேராது. சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி சுரந்து, அதை இரண்டாகப் பிரித்த பிறகுதான் உடல் அதை ஏற்கும்.

கைக்குழந்தையின் குடலில் இந்த நொதி நிறையச் சுரக்கிறது. தாய்ப்பாலே அதற்கு உணவாதலால், இயற்கை அப்படி ஏற்பாடு செய்திருக்கிறது. பால்குடி மறந்த பிறகு, பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தச் சுரப்பு சிறிது சிறிதாகக் குறைகிறது. அப்படிக் குறைந்தவர்கள் நிறையப் பால் குடித்தால், பிரியாத சர்க்கரை பெருங்குடலுக்குச் செல்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. காற்று உண்டாகிறது, நீரும் சேர்கிறது. உப்புசம், இரைச்சல், வயிற்றுவலி, பேதி ஆகியவை தோன்றுவதற்குக் காரணம் இதுதான். குடல் புண்ணாவதுமில்லை, தொற்று ஏற்படுவதுமில்லை.

இத்தகையவர் எத்தனை பேர்? உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர். நம் நாட்டில் டில்லி, திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய இடங்களில் நல்ல உடல்நலம் உள்ளவர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 1981-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வடக்கே டில்லியில் 100-க்கு ஏறத்தாழ 27 பேருக்கும், தெற்கே 100-க்கு ஏறத்தாழ 66 பேருக்கும் இந்த நிலை இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆநிரை மேய்த்துப் பாலையே முக்கிய உணவாகக் கொண்ட மக்களிடையே, வயது வந்த பிறகும் நொதி குறையாத தன்மை பரவியது என்று மரபியல் அறிஞர்கள் விளக்குகின்றனர். நம் நாட்டில் அத்தன்மை வடமேற்கில் அதிகமாகவும் தென்கிழக்கு நோக்கி வர வரக் குறைவாகவும் இருப்பதை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

ஆகவே, இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்களாகவே இருக்கக்கூடும். பெரும்பாலோருக்கு உள்ள ஓர் இயல்பை நோய் என்றோ குறை என்றோ எப்படிச் சொல்வது?

அளவே மருந்து

"பெரும்பாலோருக்கு இப்படி என்றால் எல்லோரும் ஏன் துன்பப்படவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நொதி குறைந்தவர்களுக்கும் அது அடியோடு வற்றிப் போவதில்லை. ஒரே வேளையில் 12 கிராம் வரை பால் சர்க்கரையை, அதாவது ஒரு தம்ளர் பாலை, பெரும்பாலோர் அதிகத் தொல்லையின்றித் தாங்குகிறார்கள். வெறும் வயிற்றில் அல்லாமல் உணவோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிது. தேநீரில் நாம் சேர்க்கும் பால் மிகக் கொஞ்சம். அதனால்தான் பலருக்குத் தேநீர் தொல்லை தருவதில்லை; இரவில் குடிக்கும் பெரிய தம்ளர் பால் தொல்லை தருகிறது. ஆனால் சிலர் என்னைப் போல் அரைத் தம்ளரையும் தாங்கமாட்டார்கள். அவரவர் அளவை அவரவரே கண்டறிய வேண்டும்.

தயிரைப் பாருங்கள். பாலில் உறை ஊற்றியதும், நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்று புளிப்பாக்கிவிடுகின்றன. எஞ்சிய சர்க்கரையைப் பிரிப்பதற்கும் அவையே நம் குடலில் துணை செய்கின்றன. ஒரு கரண்டித் தயிரை நிறைய நீர் விட்டுக் கடைந்து மோராக்கினால், ஒரு தம்ளரில் உள்ள பால் சர்க்கரை மிகச் சிறிது. நெய்யில் அது இல்லை என்றே சொல்லலாம். சாப்பாட்டை மோரில் முடிப்பதும், கோடையில் மோர்ப்பந்தல் வைப்பதும், கம்பங்கூழில் மோரை ஊற்றிக் கரைப்பதும் நம் முன்னோர் வழக்கங்கள். அவர்கள் நொதியின் பெயரை அறியார்; தங்கள் வயிற்றை அறிந்திருந்தார்கள்.

பால்கோவாவோ இதற்கு நேர்மாறானது. பத்து லிட்டர் பாலைச் சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சினால் மூன்று கிலோ அளவுக்குத்தான் பால்கோவா கிடைக்கும். நீர்தான் ஆவியாகிறது, பால் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே 100 கிராம் பால்கோவா உண்பது, பால் சர்க்கரையைப் பொறுத்தவரை, 300 மில்லிக்கு மேல் பால் குடிப்பதற்குச் சமம். ஊரின் பெருமையைச் சுவைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிறு உருண்டை போதும். வெறும் வயிற்றில் கால் கிலோ வேண்டாம் என்கிறேன்.

இன்னும் இரண்டு தவறான எண்ணங்களை நீக்க விரும்புகிறேன். பாலை நன்றாகக் காய்ச்சினால் கிருமிகள் சாகும். பால் சர்க்கரை குறையாது. நாட்டு மாட்டுப் பால், கலப்பின மாட்டுப் பால், எருமைப் பால் ஆகிய எல்லாவற்றிலும் பால் சர்க்கரை ஏறத்தாழ ஒரே அளவுதான். மாட்டை மாற்றுவதால் பயன் இராது; அளவையும் உருவத்தையும் மாற்றுவதே வழி. நகரக் கடைகளில் பால் சர்க்கரையை முன்பே பிரித்து விற்கும் பாலும் உண்டு. அதன் விலை அதிகம். உறை ஊற்றிய தயிர் நம் வீட்டிலேயே இருக்கும்போது பெரும்பாலோருக்கு அது தேவையும் இல்லை.

சோதித்து அறிவது எவ்வாறு?

தளவாய்புரத்தில் தையல் எந்திரத்தின் முன் நாள் முழுவதும் அமர்ந்து உழைக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். வயிறு உப்பிக்கொண்டு வேலையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேதனை என்பது அவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்தே செய்யும் வேலையால்தான் இப்படி என்று எண்ணிக் காலத்தைக் கழிப்பவரும் அவர்களுள் இருக்கலாம்.

அவர்களுக்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். இரண்டு வாரங்கள் பாலையும், பால் இனிப்புகளையும், பால்பொடி கலந்த பண்டங்களையும் நிறுத்திப் பாருங்கள். கொழுப்பு நீக்கிய பால்பொடியில் பாதி பால் சர்க்கரைதான் என்பதை நினைவிற் கொள்க. தொல்லை நீங்கினால், பிறகு உணவோடு கால் தம்ளர், அரைத் தம்ளர் என்று கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கே தொல்லை தொடங்குகிறதோ அதற்குக் கீழே உங்கள் அளவு. உறுதியாக அறிய விரும்புவோருக்குப் பெரிய மருத்துவமனைகளில் மூச்சுக் காற்றைச் சோதித்துச் சொல்லும் முறையும் இருக்கிறது.

ஆனால் எல்லா வயிற்றுத் தொல்லையையும் பாலின் மேல் போட்டுவிடக் கூடாது. மலத்தில் இரத்தம், காய்ச்சல், உடல் மெலிவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது வேறு வியாதியாக இருக்கலாம்.

குழந்தைகளின் விஷயம் வேறு

தாய்மார்களே, இனிச் சொல்வதை மிகவும் கவனமாகக் கேட்கும்படி வேண்டுகிறேன். இதுவரை சொன்னது பெரியவர்களையும் வளர்ந்த பிள்ளைகளையும் பற்றியது. கைக்குழந்தைக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

தாய்ப்பாலிலும் பால் சர்க்கரை உண்டு. பசும்பாலைவிட அதிகமாகவே உண்டு. ஆயினும் அதைச் செரிக்க முடியாமல் பிறக்கும் குழந்தை மிக மிக அரிது. குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டதும், "பால் ஆகவில்லை" என்று தாய்ப்பாலை நிறுத்திவிட்டு வெறும் கஞ்சித் தண்ணீரைக் கொடுப்போர் இன்னும் இருக்கிறார்கள். இது பெருந்தவறு, உயிருக்கே ஆபத்தாக முடியும். கடும் வயிற்றோட்டத்தால் குடலின் மேற்பரப்பு சேதமுற்றுச் சில நாட்களுக்கு நொதி குறையலாம். குடல் தேறியதும் அது தானாகத் திரும்பிவிடும். அந்த நாட்களில் தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுங்கள். துத்தநாக மருந்தைச் சுகாதார நிலையத்தில் சொன்னபடி 14 நாட்கள் கொடுங்கள். பிறந்தவுடன் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். ஒரு வயது நிறையும் வரை பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று உண்டு. அதற்குப் பால் ஒவ்வாமை என்று பெயர். சிலர் அலர்ஜி என்பார்கள். முன்பு சொன்னது நொதிக் குறைவு. அது பால் சர்க்கரையைப் பற்றியது. ஒவ்வாமையோ பாலிலுள்ள புரதத்தைப் பகை என்று உடல் தவறாக எண்ணி எதிர்ப்பது. இது பெரும்பாலும் முதல் வயதில் தோன்றும். நொதிக் குறைவைப் போல் பரவலானதன்று. ஆயினும் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று இதில் எண்ணக் கூடாது. சில குழந்தைகளுக்கு ஒரு துளியே போதும்: உடம்பில் தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குதல், வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றும். வேறு சில குழந்தைகளுக்கு மலத்தில் இரத்தம் தெரியும். எடை கூடாமல் போகும்.

பால் குடித்த சிறிது நேரத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, துவண்டு போனாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். ஒரு ஊசியால் காப்பாற்றக்கூடிய உயிர், காலம் தாழ்த்தினால் போய்விடும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தயிர், மோர், பால்கோவா எதுவும் ஆகாது. நெய்யிலும் புரதத்தின் சுவடு இருக்கலாமாதலால் மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது. "பசும்பால் ஆகாவிட்டால் ஆட்டுப்பால் கொடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் பசும்பாலினுடையதை ஒத்திருப்பதால் அவையும் பெரும்பாலும் அதே தீங்கையே செய்யும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையாயின் தாய்ப்பாலைத் தொடர வேண்டும். தேவையானால் தாய் தம் உணவில் பாலை நீக்கும்படி மருத்துவர் சொல்வார். ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு: இந்தக் குழந்தைகளுள் பெரும்பாலோர் வளர வளர ஒவ்வாமை நீங்கப் பெறுகிறார்கள். எப்போது மீண்டும் பால் கொடுத்துப் பார்க்கலாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் சோதனை செய்யக் கூடாது.

பாலைக் குறைத்தால் சத்துக்கு என்ன செய்வது?

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தயிரும் மோரும் ஒத்துக்கொள்கிறவர்கள் அவற்றிலிருந்தே ஒரு பகுதியைப் பெறலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முருங்கைக் கீரையிலும் அவ்வாறே. எள்ளில் 1,200 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் எள்ளை நாம் ஒன்றிரண்டு கரண்டிதானே உண்கிறோம்! அகத்திக் கீரையிலும் மிகுதியாக உண்டு. முள்ளோடு தின்னும் சிறு மீன்களும் நல்லவை. தானியத்திலும் கீரையிலும் உள்ள சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பது உண்மை. கேழ்வரகை முளை கட்டியும், புளிக்க வைத்துக் கூழாக்கியும் உண்டால் சற்று அதிகம் சேரும். சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். வெயில் பட்டால் உடல் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். புலால் உண்ணாதவர்கள் பாலை முற்றிலும் விட்டுவிட்டால் வைட்டமின் பி-12 குறைந்துவிடும். ஆகவே அவர்கள் தயிரையாவது விடாமல் இருக்க வேண்டும். அதுவும் ஆகாதெனில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஊராட்சியும் பால் உற்பத்தியாளரும்

இந்தப் பேச்சினால் பால் விற்பனை குறைந்துவிடுமோ என்று மாடு வளர்ப்போர் அஞ்ச வேண்டாம். இன்று உலகிலேயே மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. பாலாகக் குடிக்க முடியாதவனும் தயிராக, மோராக, நெய்யாக வாங்குவான். வயிற்றுக்குத் தீங்கு செய்த பாலை ஒருவன் அடியோடு வெறுத்துவிடுவதைவிட, ஒத்துக்கொள்ளும் உருவத்தில் அதை அவன் நாள்தோறும் வாங்குவதே உங்களுக்கும் இலாபம். சுத்தமாகக் கறந்து, உடனே குளிர்வித்து, கலப்படமின்றிக் கொடுங்கள். கெட்ட பாலாலும் கலப்படத்தாலும் வரும் வயிற்றுக்கோளாறு வேறு. அதற்கு நொதியைக் குறை சொல்ல முடியாது.

ஊராட்சிப் பணியில் உள்ளவர்களுக்கு நான்கு வேண்டுகோள். முதலாவது, கிராம சபையில் ஒருமுறையேனும் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இதுபற்றிப் பேசச் செய்யுங்கள். இரண்டாவது, அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பால் வேண்டாம் என்கிற குழந்தையை அதட்டாமல் காரணம் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெயரும், அதற்கு ஆகாத உணவும் சமைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, விழாக்களிலும் விருந்துகளிலும் பால் பாயசத்தோடு பால் சேராத இனிப்பு ஒன்றும், தாகத்துக்கு மோரும் இருக்கட்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. நான்காவது, பொது இடங்களில் முருங்கையும் அகத்தியும் வளர்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். புகுந்த வீட்டுக்கு வந்த பெண் பாலை மறுத்தால் அது அலட்சியமன்று. கொடுத்த தம்ளரைச் சிறுவன் திருட்டுத்தனமாகக் கொட்டினால் அது குறும்பு மட்டுமன்று. "ஏன் வேண்டாம்?" என்று அன்போடு கேளுங்கள். அவர்கள் சொல்வதை நம்புங்கள். பால் கொடுப்பது அன்பின் அடையாளம்தான். உண்ணுகிறவரின் வயிற்றை அறிந்து கொடுப்பது அதைவிடப் பெரிய அன்பு. என் அன்னையார் இதை அறிந்திருந்தால், அதே எருமைப் பாலில் உறை ஊற்றி, மோராக்கி, அதே தம்ளரில் எனக்குக் கொடுத்திருப்பார். நானும் மகிழ்ந்து குடித்திருப்பேன்.